காவ் லாக், காவ் சொக்: ஒருமுறை சென்றவர்கள் மீண்டும் செல்லும்போது அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாய்லாந்தின் மேற்குக் கரையில், அந்தமான் கடலைப் பார்த்தபடி நீளும் காவ் லாக் கடற்கரை பங்ஙா மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றால், சூரத் தானி மாகாணத்துக்குள் காவ் சொக் தேசியப் பூங்காவின் மழைக்காடு தொடங்கிவிடும். தாய் மொழியில் 'காவ்' என்பது மலையைக் குறிக்கும். கடலும் காடும் இவ்வளவு நெருங்கி இருப்பதால்தான் நான் இந்த ஒரு வட்டாரத்துக்கே திரும்பத் திரும்பச் சென்று வருகிறேன். ஒருமுறை சென்று மனத்தைப் பறிகொடுத்துவிட்டு அடுத்த பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பார்த்த இடத்தையே மீண்டும் பார்ப்பதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

முதல் பயணத்தில் பாதி நேரம் வழி கேட்பதிலும், எங்கே சாப்பிடுவது, எந்த வண்டியில் ஏறுவது என்று தேடுவதிலும் கழிந்துவிடுகிறது. இரண்டாவது முறை அந்தக் கவலை இருப்பதில்லை. கண்ணும் காதும் ஓய்வாக இருக்கின்றன. காவ் சொக் ஏரியில் முதல் முறை தங்கியபோது, விடியற்காலையில் தலைக்கு மேலே ஏதோ பலமாக மூச்சு வாங்கியதுபோல் ஓர் ஓசை கடந்து சென்றது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை சென்றபோது படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு விரலை உயர்த்திக் காட்டினார். பெரும் இருவாச்சி ஒன்று ஏரியைக் கடந்து கொண்டிருந்தது. நான் கேட்டது அதன் இறக்கையோசை. அன்றிலிருந்து அந்த ஓசை வரும்போதெல்லாம் நான் கழுத்தை நிமிர்த்தத் தவறியதில்லை. இதற்காகத்தான் மீண்டும் செல்ல வேண்டும் என்கிறேன்.

எந்த மாதத்தில் திரும்பிச் செல்வது நல்லது?

எந்த விடுதி என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். தாய்லாந்தின் தென்பகுதிக்கு இரண்டு கடல்கள் உண்டு. இரண்டுக்கும் மழைக்காலம் வேறு வேறு. மேற்கே அந்தமான் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை வீசுகிறது; அப்போது அலைகள் உயர்ந்து, காவ் லாக் கரையில் நீந்துவது பல நாட்களில் ஆபத்தாகிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே கடல் குளம்போல் அமைதியாக இருக்கும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சாமுய், பங்ஙான், தாவ் ஆகிய தீவுகளில் நிலைமை வேறு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையைக் கொட்டுகிறது. ஆகவே சென்னையில் பள்ளிக்கு மழை விடுமுறை விடும் காலத்தில் சாமுய்க்குச் சீட்டு எடுக்காமல் இருப்பது நலம்.

காவ் சொக் காடு எந்த மாதத்திலும் முழுமையாகக் காய்வதில்லை. தாய்லாந்தில் மழை மிகுந்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. சனவரி முதல் ஏப்ரல் வரை நடைபாதைகள் ஓரளவு உலர்ந்திருக்கும். ஆனால் முதல் முறை சனவரியில் சென்றவர்கள் இரண்டாவது முறை ஜூன் அல்லது ஜூலையில், கடலை மறந்துவிட்டு, காட்டுக்காக மட்டும் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் மேல் மேகம் படிந்து கிடக்கும். அருவிகளில் நீர் பெருகியிருக்கும். விடுதிகளில் கூட்டமும் இருக்காது. ஒரே காடா இது என்று கேட்கத் தோன்றும்.

சென்ற முறை நீந்திய மாயா விரிகுடாவில் இப்போது நீந்தக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஏன்?

மாயா விரிகுடா காவ் லாக்கிலிருந்து தெற்கே, கிராபி மாகாணத்தின் பீ பீ லே தீவில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்று அங்கே எடுக்கப்பட்ட பிறகு, அந்தச் சிறிய மணல் திட்டு ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாங்க வேண்டியதாயிற்று. படகுகள் நேராக உள்ளே வந்து நங்கூரம் பாய்ச்சியதில் பவளப்பாறைகள் நொறுங்கின. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. முதலில் சில மாதங்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட அந்த ஓய்வு, 2022 சனவரி வரை நீண்டது. அதற்குள் கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோர ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்துவிட்டன.

இப்போது படகுகள் தீவின் பின்புறத்தில் உள்ள லோ சமா விரிகுடாவில்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து மரப்பாதையில் நடந்து முன்புறம் வர வேண்டும். கரையோர ஆழமற்ற நீரில் நிற்கலாமே தவிர நீந்த இயலாது. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் முழுமையாக மூடிவிடுகிறார்கள். பழைய நாட்களில் அங்கே நீந்தியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்பதை அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் அன்று அந்த நீரில் படகு எண்ணெயின் வானவில் படலம் மிதந்ததையும் நான் மறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே சுறாக் குட்டிகள் வட்டமிடுவதை இன்று நின்று பார்ப்பதே எனக்குப் போதும்.

சிமிலன் தீவுகளில் முன்பு கூடாரம் போட்டுத் தங்கினோம். இப்போதும் தங்கலாமா?

தங்க முடியாது. 2018 முதல் சிமிலனில் இரவு தங்குவது நிறுத்தப்பட்டு, ஒரு நாளில் வருவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. காவ் லாக்கின் தெற்கே உள்ள தப் லமு துறையிலிருந்து விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம் சென்று, மாலையில் திரும்பிவிட வேண்டும். வழக்கமாக அக்டோபர் 15 முதல் மே 15 வரையே தீவுகள் திறந்திருக்கும்.

கூடாரத்தில் படுத்து அலையோசை கேட்க விரும்புவோர் வடக்கே சுரின் தீவுகளுக்குச் செல்லலாம். அதற்குக் குரா புரி துறையிலிருந்து படகு புறப்படும். அங்கே மோக்கன் என்னும் கடலோடி மக்கள் வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் திடீரென உள்வாங்கியதைக் கண்டதும், 'லபூன்' என்னும் விழுங்கும் அலையைப் பற்றித் தம் முன்னோர் சொல்லி வைத்த கதையை நினைத்து மேட்டுக்கு ஓடி உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஊர் 2019 பிப்ரவரியில் தீக்கு இரையாகி, மீண்டும் கட்டப்பட்டது. முன்பு சென்றவர்கள் பழைய குடில்களைத் தேடி ஏமாற வேண்டாம். ஊருக்குள் செல்லும்போது, வீட்டு வாசலில் அமர்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பவளப்பாறைகள் முன்பு பார்த்ததுபோல் இருக்குமா?

எல்லா இடத்திலும் இருக்காது. 2010ஆம் ஆண்டில் கடல் வெப்பம் உயர்ந்ததால் அந்தமான் கரையின் பவளங்கள் பெருமளவில் வெளிறின; 2024இலும் தாய்லாந்துக் கடற்பகுதிகளில் வெளிறல் ஏற்பட்டது. வெப்பம் மிகும்போது, தம்முள் வாழ்ந்து தமக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளைப் பவளங்கள் வெளியேற்றிவிடுகின்றன. வெப்பம் விரைவில் தணிந்தால் அவை மீளும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். நம்மால் ஆகக்கூடியது சிறிது உண்டு. ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள்கள் கலந்த வெயில் தடுப்புக் களிம்புகளுக்குத் தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை உள்ளது. சென்ற முறை மீந்த குழாயை அப்படியே பையில் போட்டுக்கொள்ளாமல், அதன் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். முழுக்கை நீச்சல் சட்டை அணிந்தால் களிம்பே தேவைப்படாது.

காவ் லாக்கில் ஆழிப்பேரலையின் தடயங்கள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தில் உயிரிழந்த 5,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் பங்ஙா மாகாணத்தில்தான் மாண்டனர். பாங் நியாங் பகுதியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், 813 என்னும் எண் எழுதிய காவல்துறைப் படகு ஒன்று புல்வெளியில் நிற்கிறது. அலை கொண்டுவந்து போட்ட இடத்திலேயே அதை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதன் அருகில் நின்று அண்ணாந்து பார்த்தால், இவ்வளவு பெரிய இரும்பு உடலை நீர் தூக்கிவந்தது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. வடக்கே பான் நாம் கெம் என்னும் மீனவ ஊரில், அலையின் வளைவைப்போல் எழுப்பிய சுவர் ஒன்று இருக்கிறது. எதிர்ப்புறச் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள். நாகப்பட்டினத்திலும் அக்கரைப்பேட்டையிலும் அதே காலையில் உறவுகளை இழந்த நம்மவர்களுக்கு அந்தச் சுவரின் முன் நிற்பது எளிதல்ல. நான் சென்ற ஒரு நாளில், முதிய பெண்மணி ஒருவர் ஒரு பெயர்ப் பலகையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதே துணியால் பக்கத்துப் பெயரையும் துடைத்தார்.

கடற்கரையிலிருந்து காட்டுக்குச் செல்லும் வழியில் நிற்கத் தக்க இடம் ஏதேனும் உண்டா?

தகுவா பா. பலர் பேருந்து மாறும் இடமாக மட்டுமே இதைக் கடந்து செல்கிறார்கள். தமிழர்கள் அப்படிக் கடந்து செல்லக் கூடாது. காவ் லாக்கிலிருந்து 4ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, இங்கே 401ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பினால் காவ் சொக். வெள்ளீயச் சுரங்கங்களால் செழித்த பழைய ஊர். சீன வணிகர்கள் கட்டிய கடைவீடுகள் பழைய தெருவில் இன்னும் வரிசையாக நிற்கின்றன.

இவ்வூருக்கு அருகே, ஆற்றங்கரையில் காவ் பிரா நாராய் என்னும் குன்றுப் பகுதியில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிறிய, சிதைந்த கல்வெட்டு, நாங்கூர் உடையான் ஒருவன் தோண்டிய குளத்தையும், அதற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டதையும், அக்குளம் மணிக்கிராமத்தார் முதலியோருக்கு அடைக்கலமாக விடப்பட்டதையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் கடல் கடந்து வாணிகம் செய்த வணிகர் குழு. அங்கே மரத்தின் வேர்கள் பின்னிப் பிடித்திருந்த வைணவச் சிற்பங்கள் இப்போது பூகெட் தீவின் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. விமான நிலையத்துக்குத் திரும்பும் நாளில் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வந்து இறங்கியவுடன் ஒரு குளம் வெட்டி, அதைக் காக்கவும் ஏற்பாடு செய்துவிட்டுப் போன அந்த நாங்கூர்க்காரரை நினைக்கும்போதெல்லாம், இந்த வட்டாரத்துக்குத் திரும்பி வருவதில் நாம் முதல்வர்கள் அல்ல என்று தோன்றுகிறது.

காவ் சொக் ஏரியில் முன்பு தங்கிய மிதவை வீட்டிலேயே மீண்டும் தங்குவது நல்லதா?

வசதியைத் தேடினால் வேறு வீடு பாருங்கள். அமைதியைத் தேடினால் அதே வீடு போதும். மூங்கில் சுவரும் தரையில் விரித்த மெத்தையும் உள்ள எளிய மிதவைகளும் இருக்கின்றன. குளிர்சாதன வசதியுள்ளவையும் வந்துவிட்டன. எளியவற்றில் மின்சாரம் இரவில் சில மணி நேரம் மட்டுமே, கழிப்பறை பொதுவானது, கைபேசியில் தொடர்பு கிடைப்பது அரிது. படகுத்துறை காவ் சொக் கிராமத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது என்பதைச் சென்ற முறை அறியாமல் திண்டாடியவர்கள், இம்முறை அதற்கென வண்டியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சியாவ் லான் என்று பெயர்கொண்ட இந்த ஏரி இயற்கையானது அல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. 1987இல் முடிக்கப்பட்ட ராச்சபிரபா அணையால் பள்ளத்தாக்குகள் மூழ்கி, 165 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் தேங்கியது. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பட்டுப்போன மரங்களின் நுனிகள் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவை மூழ்கிய காட்டின் மரங்கள். நீர் ஏறியபோது குன்றுகள் தீவுகளாகி, விலங்குகள் அவற்றில் சிக்கிக்கொண்டன. அவற்றைப் படகில் சென்று மீட்கும் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் சுயெப் நாக்காசதியன் என்னும் வன அலுவலர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை மீட்டும், மீட்கப்படாமல் போனவையே மிகுதி என்பதைக் கண்ணால் கண்ட அவர், பின்னாளில் அணைத் திட்டங்களை உறுதியாக எதிர்த்தார். ஹுவாய் கா கெங் சரணாலயத்தின் பொறுப்பில் இருந்தபோது, 1990 செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அக்காடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தாய்லாந்து வனத்துறையினர் இன்றும் அவரை வணங்குகிறார்கள். இந்த வரலாறு தெரிந்த பிறகு, விடியலில் பனிமூட்டம் விலகும் அந்த நீர்ப்பரப்பை நான் முன்புபோல் வெறும் அழகாகப் பார்த்ததில்லை.

காட்டுப் பாதையில் வழிகாட்டி இல்லாமல் செல்லலாமா? வழி தெரியுமே?

பூங்கா அலுவலகத்தை ஒட்டிய முதல் சில கிலோமீட்டர் தூரத்துக்குச் செல்லலாம். அதற்கு அப்பால் வேண்டாம். ஏரியை ஒட்டிய நாம் தலு குகைக்கு மழைக்காலத்தில் யார் அழைத்தாலும் செல்லாதீர்கள். 2007 அக்டோபரில் குகைக்குள் திடீர் வெள்ளம் புகுந்து, பயணிகளும் வழிகாட்டிகளுமாக எட்டுப் பேர் இறந்தனர். வெளியே மழை நின்றிருந்தாலும் மலைமேல் பெய்த நீர் பின்னால் வந்து சேரும்.

அட்டைகள் மழைக்காலத்தில் நிச்சயமாகக் கடிக்கும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறைகள் அங்கேயே கிடைக்கின்றன. கடித்துவிட்டால் நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இரத்தம் சிறிது நேரம் கசியும், அச்சம் வேண்டாம்.

ராஃப்ளீசியா மலரை சென்ற முறை பார்க்க முடியவில்லை. இம்முறை கிடைக்குமா?

உறுதி சொல்ல முடியாது. இலையும் தண்டும் இல்லாமல், காட்டுக் கொடி ஒன்றின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் இந்த மலர், மொட்டு முதிரப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு, சில நாட்கள் மட்டுமே விரிந்திருக்கும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் வாய்ப்பு அதிகம். கிராமத்தில் இறங்கியதும் வழிகாட்டிகளிடம் இம்மலரின் தாய்மொழிப் பெயரைச் சொல்லி, 'புவா புட்' விரிந்திருக்கிறதா என்று கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

யானைச் சவாரி சென்ற முறை குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. மீண்டும் அழைத்துச் செல்லலாமா?

வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யானையைச் சவாரிக்குப் பழக்கும் முறை கொடியது. சவாரியும் குளிப்பாட்டலும் இல்லாமல், தள்ளி நின்று யானைகள் மேய்வதைப் பார்க்க மட்டும் அனுமதிக்கும் முகாம்கள் இப்போது இப்பகுதியில் உள்ளன. குழந்தைகளுக்குக் காரணத்தைச் சொன்னால் அவர்கள் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சைவ உணவுக்குச் சென்ற முறை மிகவும் சிரமப்பட்டோம். என்ன செய்வது?

காய்கறி மட்டும் போடுங்கள் என்று சொன்னால், காய்கறியோடு 'நாம் ப்லா' என்னும் மீன் சாறும், 'கப்பி' என்னும் இறால் விழுதும் சேர்ந்தே வரும். அவர்களுக்கு அவை நம் உப்பு, பெருங்காயம் போன்றவை. 'ஜே' என்று சொல்லுங்கள். மீன், முட்டை, பால் மட்டுமன்றி, பூண்டும் வெங்காயமும்கூட இல்லாத விரத உணவு அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இட்ட கடைகளில் கிடைக்கும். முட்டை உண்போர் 'பாய் லியாங்' என்னும் இளங்கீரையை முட்டையுடன் வதக்கித் தருமாறு கேளுங்கள். தென்தாய்லாந்துக்கே உரிய பண்டம், நம் முருங்கைக்கீரைப் பொரியலை நினைவூட்டும்.

நுழைவு விதிகள் மாறியிருக்கின்றனவா?

ஆம். 2025 மே 1 முதல், வருகை அட்டையை இணையத்தில், தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளங்கள் போலியானவை. இந்தியக் கடவுச்சீட்டுக்கான விசா விதி 2023 நவம்பருக்குப் பிறகு மாறிவந்திருப்பதால், சீட்டு எடுப்பதற்கு முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

நாங்கள் தங்கிய சிறு விடுதியே இல்லாமல் போயிருந்தால்?

எனக்கு அது நேர்ந்தது. கொரோனாவுக்குப் பிறகு சென்றபோது, பழைய மரக்குடில்கள் இருந்த இடத்தில் தகர வேலி அடித்திருந்தார்கள்; வாசலில் இருந்த புன்னை மரம் மட்டும் வேலிக்கு மேலே தெரிந்தது. அன்று மாலை முழுவதும் மனம் எதிலும் ஒட்டவில்லை. மறுநாள் சந்தையில் விசாரித்தபோது, அந்தக் குடும்பம் உள்ளே தள்ளி ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் உணவுக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே கட்டடத்தைத் தேடாமல் மனிதர்களைத் தேடுங்கள். பெரிய விடுதிகள் கட்டப்பட்டாலும், காவ் லாக்–லாம் ரு தேசியப் பூங்காவுக்குள் காட்டுப் பாதை வழியே இறங்கிச் சேரும் சிறிய மணற்கரை அப்படியே இருக்கிறது. அங்கே மரங்களின் நிழல் நீர்வரை விழும்.

அதே காலத்தில் ஒரு நற்செய்தியும் இருந்தது. 2019 நவம்பருக்குப் பிறகான பருவத்தில், நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று அழைக்கும் மிகப் பெரிய கடலாமை, தாய்லாந்துக் கடற்கரைகளில் 11 இடங்களில் முட்டையிட்டிருந்தது கண்டறியப்பட்டது; இருபது ஆண்டுகளில் அதுவே மிக அதிகம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இரவில் கரையில் நடந்தால் கைவிளக்கை அணைத்துவிடுங்கள்.

பழகிய படகோட்டிக்கு எதை எடுத்துச் செல்லலாம்?

நீள்வால் படகின் முன்முனையில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது படகைக் காக்கும் மே யா நாங் என்னும் தாய்த்தெய்வத்துக்கு உரிய இடம். அதன்மேல் கால் வைத்து ஏறாமல் பக்கவாட்டில் ஏறுவதே முதல் மரியாதை. பரிசாக நான் விலையுயர்ந்த எதையும் கொண்டு செல்வதில்லை. முந்தைய பயணத்தில் எடுத்த படங்களில் இரண்டை அச்சிட்டு எடுத்துச் செல்வேன். எங்கள் படகோட்டியிடம் அவர் தம் மகனோடு நிற்கும் படத்தைக் கொடுத்தபோது, அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நெகிழி உறையில் இட்டு, இயந்திரத்துக்கு மேலிருந்த கூரைச் சட்டத்தில் செருகி வைத்தார். அடுத்த முறை சென்றபோது படம் வெயிலில் நீலம் பாரித்திருந்தது. மகன் அப்பாவைவிட உயரமாகிப் படகைச் செலுத்திக்கொண்டிருந்தான். புதிய படம் ஒன்று எடுத்து வந்திருக்கிறேன்.